உப்புக் காற்றும் எட்டுக்கால் ஐசியும்

பழவேற்காட்டுக்காரர்கள் ராக்கெட் பார்க்க எங்கேயும் போக வேண்டியதில்லை. ஊருக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்கினால் போதும். நெருப்பு முதலில் தெரியும், சத்தம் ஒன்றரை நிமிடம் கழித்து ஆடி அசைந்து வந்து சேரும். ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று மீன்வளத் துறை முன்கூட்டியே அறிவித்துவிடுவதால், அன்றைக்கு வேடிக்கை பார்க்க ஆளும் அதிகம், பொழுதும் அதிகம்.

விண்வெளி மின்னணுவியல் இப்படிக் கூப்பிடு தூரத்தில் நடக்கும் ஊரில், ஒரு வீட்டின் சமையலறையில் மைக்ரோவேவ் அவன் திடீரென்று மக்கர் செய்கிறது. பிளக்கைச் செருகினால் திரையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்னுகின்றன. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அசைவில்லை. பொன்னேரிக்கு பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால், இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அக்கா, மெமரி ஐசி போயிடுச்சு. போர்டு மொத்தமா மாத்தணும்."

"ரெண்டு வருஷங்கூட ஆகலையே தம்பி?"

"கடக்கர ஊருல அவ்ளோதாங்க்கா."

இதில் மெக்கானிக் தம்பி சொன்ன முதல் வரி பெரும்பாலும் தப்பு. கடைசி வரி முழுக்க உண்மை. அந்த இரண்டு வரிக்கும் நடுவில்தான் மெஷினின் ஆயுளும் அக்காவின் பணமும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

மிக்சி, கிரைண்டர், ஃப்ரிட்ஜ் அளவுக்கு மைக்ரோவேவ் இந்தக் குப்பங்களில் பரவவில்லை. பிள்ளைகள் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் வீடுகள், பேக்கரிகள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பி நண்டும் இறாலும் சமைத்துப் போடும் உணவுக்கடைகள் என்று மெல்ல வந்துகொண்டிருக்கிறது. விடியற்காலையில் கடலிலிருந்து திரும்புகிறவருக்கு நேற்றைய குழம்பை இரண்டு நிமிடத்தில் சூடாக்கித் தரும் பொருள் என்ற அளவில் அதற்கு இங்கே நியாயமான வேலை உண்டு. ஆனால் அதைத் தயாரித்தவர்கள் பழவேற்காட்டுச் சமையலறையை மனதில் வைத்துத் தயாரிக்கவில்லை.

256 பைட்டுக்குள் என்ன இருக்கிறது?

மைக்ரோவேவ் அவன் அடிப்படையில் எளிய இயந்திரம். மேக்னட்ரான் என்னும் குழாய் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகளை உண்டாக்குகிறது. உணவிலுள்ள நீர் அந்த அலையை வாங்கிச் சூடாகிறது. 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் வேலையிலிருந்த பெர்சி ஸ்பென்சர், தன் சட்டைப் பையிலிருந்த இனிப்புக் கட்டி உருகியதைக் கவனித்ததில் தொடங்கிய கதை இது. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம், எடை 340 கிலோ. அதில் சிப்பும் கிடையாது, நினைவகமும் கிடையாது. இன்றைக்கும் இரண்டு திருகு குமிழோடு வரும் மலிவு மாடல்களில் பெரும்பாலானவற்றில் இவை இல்லை. 'டிங்' என்று மணியடிக்கும் டைமர், டிரான்ஸ்ஃபார்மர், மேக்னட்ரான், அவ்வளவுதான்.

தொடு பட்டனும் டிஜிட்டல் திரையும் வந்த மாடல்களில்தான் கதை மாறுகிறது. முன்பக்கப் பலகைக்குப் பின்னால் ஒரு கன்ட்ரோல் போர்டு. அதில் மூளையாக ஒரு மைக்ரோகன்ட்ரோலர். பல மாடல்களில் அதன் பக்கத்திலேயே, அரிசியைவிடச் சற்றே பெரிதாக, பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்களோடு ஒரு கறுப்பு ஐசி உட்கார்ந்திருக்கும். முதுகில் 24சி02 என்றோ 93சி46 என்றோ பொடி எழுத்தில் எழுதியிருக்கும். அதுதான் இஇப்ராம் என்கிற மெமரி ஐசி. மின்சாரம் போனாலும் மறக்காது, மின்சாரத்தைக் கொண்டே அழித்து எழுதலாம்.

இந்த வசதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய இப்ராம் சிப்பில் எழுதியதை அழிக்க, அதைப் புற ஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டும். அதற்காகவே சிப்பின் முதுகில் ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தது. 1978இல் அங்கேயே ஜார்ஜ் பெர்லிகோஸ் 2816 என்ற சிப்பை உருவாக்கியபோது சன்னலுக்கும் விளக்குக்கும் வேலையில்லாமல் போயிற்று.

24சி02வின் கொள்ளளவு 256 பைட். இன்று கைப்பேசியில் தமிழை எழுதும் முறையில் 'பழவேற்காடு' என்ற பெயருக்கு 30 பைட் வேண்டும். எட்டு முறை எழுதினால் ஒன்பதாவது முறைக்கு இடம் போதாது. இந்தக் குட்டி இடத்தில் தயாரிப்பாளர் வைப்பதும் கொஞ்சம்தான்: இது எந்த மாடல், சென்சாருக்கான அளவுத்திருத்த எண்கள், பீப் சத்தம் வேண்டுமா வேண்டாமா, குழந்தைப் பூட்டு, சில மெஷின்களில் கடைசியாக வந்த பிழைகளின் பட்டியல். கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். உள்ளே உள்ள எண்களையெல்லாம் கூட்டினால் அந்த எண் வர வேண்டும். வராவிட்டால் மூளைக்குச் சந்தேகம் வந்துவிடும், 'பிழை' என்று திரையில் போட்டு உட்கார்ந்துகொள்ளும். மேக்னட்ரானை ஓட விடாது. பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்ய வேண்டும்.

பிழைக் குறிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. வேர்ல்பூல் குழுமத்தின் சில அவன்களில் எஃப்1 இ0 என்றால் மெமரியோடு பேச முடியவில்லை என்று பொருள், எஃப்1 இ1 என்றால் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகவில்லை. சாம்சங் மைக்ரோவேவ் பலவற்றில் எஸ்இ என்று வந்தால் அது மெமரி சமாச்சாரமே இல்லை, தொடு பலகையில் ஷார்ட். கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பினால் அது பழுதே இல்லை. பெரும்பாலான மெஷின்களில் கடிகாரத்துக்கு என்று தனி பேட்டரி கிடையாது. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பி, எல்லாவற்றுக்கும் மெமரி ஐசியைப் பலிகொடுப்பது நம்மூர் வழக்கமாகிவிட்டது.

சரி, இந்த ஐசி தேய்ந்து போகாதா? போகும். பத்து லட்சம் முறை எழுதலாம், எழுதியது நூறு ஆண்டு நிற்கும் என்று தயாரிப்பாளர்களின் விவரத் தாள்கள் சொல்கின்றன. ஒரு மைக்ரோவேவ் ஒரு நாளைக்குப் பத்து முறை எழுதினாலும் பத்து லட்சத்தை எட்ட 270 வருடத்துக்கு மேல் ஆகும். மெஷினின் தகரம் அத்தனை நாள் நிற்காது.

எழுதி எழுதியே தேய்ந்த நினைவகமும் உலகத்தில் உண்டு. டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடுத்திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி ஃப்ளாஷ் சிப்பில் காரின் கணினி ஓயாமல் பதிவுக் குறிப்புகளை எழுதிக்கொண்டே இருந்தது. ஐந்தாறு வருடத்தில் எழுத இடமில்லாமல் தேய்ந்தது. ரிவர்ஸ் கேமரா படமும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் வசதியும் அந்தத் திரையை நம்பியிருந்ததால், 2021 பிப்ரவரியில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் அழுத்தத்தில் 1,34,951 கார்களைத் திரும்ப அழைத்தார்கள். அங்கே குற்றவாளி நிஜமாகவே மெமரி. சூடாக்கி நிறுத்துவதைத் தவிர வேறொன்றும் அறியாத மைக்ரோவேவில் அந்தக் குற்றத்துக்கு வாய்ப்பே குறைவு.

அப்படியானால் கைகாட்ட வேண்டியது யாரை?

கடலுக்கும் ஏரிக்கும் நடுவே

லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம் போன்ற ஊர்கள் ஒரு மணல் திட்டில் இருக்கின்றன. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. மழைக்காலத்தில் ஆற்று நீர் வந்து உப்பு குறையும், கோடையில் முகத்துவாரம் தூர்ந்தால் கடலைவிட உப்பு ஏறும். கரையில் அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகளைக் காற்றில் எறிகின்றன. கரையிலிருந்து தள்ளிப் போகப் போக இது மளமளவென்று குறைந்துவிடும். ஆனால் இந்தத் திட்டில் தள்ளிப் போக இடம் எங்கே?

சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானே தண்ணீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்க்காத தமிழ்ப் பெண்மணி இல்லை. கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். வறண்ட மதியத்தில்கூட இந்தக் கரையின் காற்றில் அதற்கு மேல் ஈரம் இருக்கும். ஆக, ஒரு போர்டின் மேல் கடல் உப்பு ஒரு முறை படிந்தால் அது முழுமையாகக் காய்வதே இல்லை. எப்போதும் மெல்லிய ஈரப் படலம், அதில் மின்சாரம் கடத்தும் உப்பு.

மைக்ரோவேவ் இந்த உப்பைத் தானாகவே உள்ளே வாங்கிக்கொள்கிறது. மேக்னட்ரானைக் குளிரவைக்க ஒரு மின்விசிறி இருக்கிறது. அது வீட்டுக் காற்றைப் பின்பக்கத் துளைகள் வழியாக இழுத்து உள்ளே ஊதும். கன்ட்ரோல் போர்டு பல மாடல்களில் அதே அறைக்குள், திறந்த மேனியாக நிற்கிறது. குழம்பு சூடாகும் ஒவ்வொரு நிமிடமும் உப்புக் காற்று போர்டின் மேல் வீசுகிறது. அணைத்த பின் ஆறும்போது ஈரம் படிகிறது.

பைபர் படகில் போகிறவர் மடியில் வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவியைப் பாருங்கள். நாள் முழுக்க அலை தெறிக்கிறது, ஆனாலும் வருடக்கணக்கில் ஓடுகிறது. உள்ளே இருப்பதும் அதே வகைச் சிப்புகள், அதே ஈயப் பற்று. மீன் கிடைக்கும் பார்களின் இடக்குறிப்புகளை அதுவும் இதே போன்ற அழியாத நினைவகத்தில்தான் வைத்திருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: ரப்பர் வளையம் வைத்து மூடி, காற்றுப் புகாமல் செய்திருக்கிறார்கள். கடலுக்கென்று செய்த பொருள் கடலில் தாங்குகிறது. கட்டுமரத்தை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டிய சமூகத்துக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போர்டின் மேல் நடப்பதை பூதக்கண்ணாடியில் பார்த்தால் கதை தெளிவாகும். ஐசியின் பக்கத்துப் பக்கத்துக் கால்களுக்கு நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு காலில் 5 வோல்ட், அடுத்ததில் பூஜ்யம். நடுவே உப்பு ஈரம். உலோகம் ஒரு காலில் கரைந்து, அயனியாக நகர்ந்து, எதிர்க் காலில் மீண்டும் உலோகமாகப் படிகிறது. படியும்போது நேராகப் படியாமல், கிளை விட்டு, இலை நரம்பு மாதிரி வளர்கிறது. இழை எதிர்ப்பக்கத்தைத் தொட்ட கணம் கசிவு. செம்புத் தடங்களின் ஓரத்தில் பச்சைக்களிம்பு, ஈயப் பற்றின் மேல் வெள்ளைப் பொடி. பல போர்டுகளில் கரப்பான் எச்சமும், வெதுவெதுப்புக்கு ஒதுங்கிக் கருகிப்போன பல்லியும் போனஸ்.

காரைக்குடியில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த அரிப்பைத்தான் பல தலைமுறையாக ஆராய்ந்துவருகிறது. மண்டபத்தில் கடலோரமாகவே உலோகத் தகடுகளை வெயிலிலும் உப்புக் காற்றிலும் நிறுத்திவைத்து அரிப்பை அளக்கும் மையம் அதற்கு இருந்தது. பாலக் கம்பிக்கும் கப்பல் தகட்டுக்கும் அந்த அறிவு போய்ச் சேர்ந்தது. சமையலறை மெஷினுக்குப் போய்ச் சேரவில்லை. ஏசி விற்கிறவர்கள் கடலோர வாடிக்கையாளருக்கு 'ப்ளூ ஃபின்' பூச்சு என்று சொல்லியாவது விற்கிறார்கள். மைக்ரோவேவ் விற்கும் கடையில் உங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்பார் யாருமில்லை.

பெஞ்சுக்கு வந்த போர்டு

முதலில் ஓர் எச்சரிக்கை. மைக்ரோவேவின் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் தரும் 2,000 வோல்ட் சொச்சத்தை ஒரு கப்பாசிட்டரும் டையோடும் சேர்ந்து 4,000 வோல்ட் அளவுக்கு ஏற்றுகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கப்பாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கலாம். அதை வடிக்க உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் அது பழுதாகியிருந்தால் வெளியே தெரியாது. வீட்டுப் பொருட்களில் ஆளைக் கொல்லும் வல்லமை இதற்கு அதிகம். மூடியைத் திறப்பது பயிற்சி உள்ளவரின் வேலை. வாசகர் செய்ய வேண்டியது, அந்தப் பயிற்சி உள்ளவரிடம் சரியான கேள்விகளைக் கேட்பது.

சரியான கேள்வி இது: "தம்பி, போர்டைக் கழுவிப் பார்த்தியா?"

விவரம் தெரிந்த மெக்கானிக் மெமரி ஐசியை கடைசியில்தான் தொடுவார். போர்டைத் தனியே கழற்றி எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு ஐசி கால்களைத் தேய்த்துக் கழுவுவார். பெயின்ட் தின்னர் வேண்டாம், அது சில பிளாஸ்டிக்கையும் பட்டன்களின் அச்சையும் தின்றுவிடும். உப்பு தண்ணீரில் கரைகிற அளவுக்கு ஆல்கஹாலில் கரையாது என்பதால், களிம்பு தடிப்பாக இருந்தால் முதலில் சுத்தமான டிஸ்டில்ட் வாட்டர், பிறகு ஆல்கஹால், பிறகு மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தல். இந்த இடத்திலேயே பல 'செத்த' மெமரிகள் கண் விழித்துவிடும்.

விழிக்காவிட்டால் மல்டிமீட்டர். எட்டாவது காலில் முறையான 5 வோல்ட் வருகிறதா? 4 வோல்ட்டோ அதற்கும் கீழேயோ தள்ளாடினால் குற்றம் பவர் சப்ளையில், அங்கே ஒரு கப்பாசிட்டர் காய்ந்தோ உப்பியோ இருக்கும். அது சில ரூபாய்ச் சமாச்சாரம். கடைக்கோடி ஊர்களில் வோல்டேஜ் ஏறி இறங்குவதும் இதில் சேர்த்தி. மெமரியில் ஒரு எண்ணை எழுத 5 மில்லி விநாடி வரை ஆகும். அந்த இமைப்பொழுதில் வோல்டேஜ் சரிந்தால் எழுத்து அரைகுறையாக நிற்கும், சரிபார்ப்பு எண் தப்பும். ஐசி நன்றாக இருக்கும், உள்ளே உள்ள கணக்குதான் கெட்டிருக்கும்.

அடுத்தது, 24சி02 வகையில், ஐந்தாவது, ஆறாவது கால்கள். மூளையும் மெமரியும் பேசுவது இந்த இரண்டு கம்பிகளில்தான். 1982இல் பிலிப்ஸ் வகுத்த முறை இது. ஒரே ஜோடிக் கம்பியில் பல சிப்புகள் தொங்கலாம். பழவேற்காட்டு மீனவர்களின் ‘பாடு’ முறை போலத்தான்: இன்றைக்கு எந்தப் பாட்டில், அதாவது மீன்பிடி இடத்தில், யாருக்கு முறையோ அவர் மட்டும் வலை கட்டலாம், மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இங்கேயும் மூளை யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறதோ அந்தச் சிப்பு மட்டும் பதில் சொல்லும். சும்மா இருக்கும் நேரத்தில் இரண்டு கம்பியும் மேல் வோல்ட்டில் நிற்க வேண்டும். அப்படி நிறுத்திவைப்பது பொடி ரெசிஸ்டர்கள் இரண்டு. உப்புக் கசிவு ஒரு கம்பியைக் கீழே இழுத்துவிட்டால், அல்லது அந்த ரெசிஸ்டரின் பற்று அரித்துப் போனால், பேச்சு மொத்தமும் நின்றுவிடும். திரையில் 'மெமரி பிழை' என்று வரும். மெமரியோ தன் நூறு வருட ஞாபகத்தோடு பக்கத்திலேயே சுகமாக உட்கார்ந்திருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஐசியைப் பிரித்து எடுக்க வேண்டும். சிஎச்341ஏ என்ற புரோகிராமர் சில நூறு ரூபாய்க்குச் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. லேப்டாப்பில் செருகி ஐசியை இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் ஒரே மாதிரி வந்தால் ஐசிக்கு உயிர் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் ஐசி போய்விட்டது, அல்லது கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. முழுக்க எஃப்எஃப் என்று வந்தால் ஐசி காலி. புதுசாக ஒரு 24சி02 வாங்க ஒரு டீ, வடைக் காசு போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்: காலி ஐசியில் என்ன எழுதுவது?

இதே மாதிரி ஒரு சிக்கல் 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வந்தது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் 2023 நவம்பரில் திடீரென்று பொருளில்லாத தகவலை அனுப்பத் தொடங்கியது. நாசா பொறியாளர்கள் மாதக்கணக்கில் துருவி, ஒரு கணினியின் நினைவகத்தில் ஒற்றைச் சிப்பு பழுதாகி, மூன்று சதவீத இடம் கெட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சிப்பை மாற்ற ஆள் அனுப்ப முடியாது. அதிலிருந்த நிரல் பகுதிகளைத் துண்டு துண்டாக்கி, மற்ற இடங்களில் ஒண்ட வைத்தார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பிய கட்டளை போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர அதே நேரம். 20ஆம் தேதி கலம் பேசத் தொடங்கிவிட்டது. நாற்பத்தாறு வயது இயந்திரத்துக்கு அது சாத்தியமானதற்கு ஒரு காரணம், எந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்ற தாள்கள் கையில் இருந்தது.

பொன்னேரி மெக்கானிக்குக் கையில் தாள் இல்லை. அவருக்குத் திறமை குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம். ரேடியோ, டிவி, இன்வெர்ட்டர் என்று பழகிய கை அது. ஒரு மைக்ரோவேவின் 256 பைட்டில் எந்த எண் எதற்கு என்பது கம்பெனிக்கு மட்டுமே தெரியும். அந்தக் கோப்பைக் கேட்டால் வெளியாட்களுக்குக் கொடுப்பதில்லை. அதே மாடலில் இன்னொரு மெஷின் கிடைத்தால் அதன் ஐசியைப் படித்து, நகல் எடுத்து எழுதலாம். அளவுத்திருத்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சாதாரண மாடல்களில் ஓடிவிடும். மெக்கானிக்குகள் ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் இந்த நகல்களைப் பரிமாறிக்கொண்டுதான் பிழைப்பை ஓட்டுகிறார்கள். கோப்பு கிடைக்காதபோது சொல்லும் வாக்கியம்தான் "போர்டு மொத்தமா மாத்தணும்". சில மாடல்களில் போர்டின் விலையைக் கேட்டால் புது மெஷினே வாங்கிவிடலாம் என்று தோன்றும். பழையது காயலான் கடைக்குப் போகும்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் நிதி கரே தலைமையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். கம்பெனிகள் தங்கள் கையேடு, உதிரிபாகம், உத்தரவாத விவரங்களை அங்கே பகிர வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் கஸ்டமர் கேர் எண்ணும் சர்வீஸ் சென்டர் முகவரியும் போட்டுவிட்டால் உரிமை வந்துவிடாது. மின்சுற்று வரைபடமும் மெமரிக் கோப்பும் மெக்கானிக் கையில் கிடைக்க வேண்டும். அந்தக் கோப்பில் எந்தக் கம்பெனியின் ரகசியச் சமையல் குறிப்பும் ஒளிந்திருக்கவில்லை. அதிகபட்சம் பீப் சத்தம் எவ்வளவு நேரம் என்று இருக்கும்.

கழுவி, சரிசெய்த போர்டை அப்படியே மாட்டி அனுப்பினால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வரும். அக்ரிலிக் அல்லது சிலிக்கான் பூச்சு ஸ்பிரே ஒன்று இருக்கிறது. விண்கலத்தின் போர்டுகளுக்கும் ராணுவக் கருவிகளுக்கும் இந்த வகைப் பூச்சுதான் போடுகிறார்கள். இணைப்பிகளையும் தொடு பலகையின் நாடா செருகும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, கன்ட்ரோல் போர்டின் மற்ற பகுதிகளில் மெல்லிசாக அடித்துக் காயவிட வேண்டும். கேட்டு வாங்க வேண்டியது வாடிக்கையாளர் பொறுப்பு, ஏனென்றால் கேட்காமல் செய்கிற கடை குறைவு.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிரே மெஷினை வைக்காதீர்கள். ஈரக் காற்றும் ஆவியும் ஏறும் அடுப்பு மேடையை ஒட்டியும் வேண்டாம். துணி உறை போடுவதாக இருந்தால் சமைக்கும்போது மறக்காமல் எடுத்துவிட வேண்டும், காற்றுத் துளை அடைபட்டால் மேக்னட்ரான் வெந்துபோகும். கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கி, வந்து சில நிமிடம் ஆனபின் செருகுங்கள். எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கடலோர மணலில் புதைத்த எர்த் கம்பியும் அரித்துப் போகும். கதவின் கீலோ உள் தகடோ துருவேறித் துளை விழுந்திருந்தால், மெமரியைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த மெஷினை உடனே நிறுத்திவிடுங்கள். அலை வெளியே கசியக்கூடாது.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள், குப்பத்தில் வீடு, சூடாக்குவது மட்டும்தான் வேலை என்றால், கடைக்காரர் ஐம்பது ஆட்டோ மெனு இருக்கிறது என்று காட்டும் மாடலைத் தாண்டிப் போய், கீழ்த்தட்டில் இருக்கும் இரண்டு திருகு குமிழ் மாடலை எடுங்கள். அதில் பெரும்பாலும் கெட்டுப்போக மெமரி ஐசியே இருக்காது, டைமர் போனாலும் பொன்னேரியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.